வெல்டிங் புகை, மணல் தூசி, நைட் ஷிஃப்ட்: உடம்புக்குள்ளேயும் 'துரு' பிடிக்குமா? ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலத்தைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். இடதுபுறம் திரும்பினால் வல்லம், ஒரகடம். கார், செல்போன், கண்ணாடி, உதிரிபாகம் என்று நாடு முழுவதும் போகும் பொருட்கள் இங்கே தயாராகின்றன. அவற்றைச் செய்யும் கைகள் மூன்று ஷிஃப்ட்டாக மாறி மாறி வேலை பார்க்கின்றன.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தது. அதில் ஒரு அம்சம், 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை. நல்ல விஷயம்தான். ஆனால் 40 வயதில் எக்ஸ்ரே எடுக்கும்போது தெரியும் பாதிப்பு, 22 வயதில் முதல் நாள் வேலைக்குப் போனபோதே தொடங்கியிருக்கலாம். அது எப்படி? நம்மைக் காப்பாற்ற வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களே நுரையீரலைப் புண்ணாக்குவது ஏன்? சத்து மாத்திரை போட்டால் சரியாகிவிடுமா? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

- தூசி, புகை, தூக்கமின்மை, அதிக ரத்தச் சர்க்கரை ஆகிய எல்லாமே உடலில் 'ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்' எனும் நிலையைத் தூண்டக்கூடியவை.
- இதே ஆக்ஸிஜன் வேதிப்பொருட்கள்தான் கிருமிகளைக் கொல்லும் ஆயுதமும். முழுவதுமாக ஒழிக்கவும் முடியாது, ஒழிக்கவும் கூடாது.
- அளவு மீறினால் அழற்சி அணையாமல் தொடரும். நுரையீரலில் தழும்பு விழும், தொற்றுகள் எளிதாகத் தாக்கும்.
- ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரைகள் இதற்குத் தீர்வு இல்லை. சில பெரிய ஆய்வுகளில் அவை கெடுதலே செய்தன.
- தூசியும் புகையும் மூக்குவரை வராமல் தடுப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. அது சட்டப்படி நிர்வாகத்தின் கடமை.

ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்னா என்ன?

'ஸ்ட்ரெஸ்' என்றதும் மனஅழுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். இது வேறு.

நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனை வைத்துத்தான் ஒவ்வொரு செல்லும் சாப்பாட்டிலிருந்து சக்தி எடுக்கிறது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய பவர் ஹவுஸில் இது நடக்கிறது. எந்த இன்ஜினாக இருந்தாலும் கொஞ்சம் புகை வரத்தானே செய்யும்? அதேபோல இங்கேயும் சூப்பராக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்ற, பக்கத்தில் எது இருந்தாலும் வினைபுரியக்கூடிய ஆக்ஸிஜன் பொருட்கள் உருவாகின்றன. இவற்றில் சிலவற்றைத்தான் 'ஃப்ரீ ரேடிக்கல்' என்கிறார்கள்.

இவை செல்லின் கொழுப்புச் சுவரையும், புரதத்தையும், மரபணுவையும் அரிக்கும். இரும்பு துருப்பிடிப்பதும் ஆக்ஸிஜனேற்றம்தான் என்பதால் இதைத் 'துரு' என்று உவமையாகச் சொல்வார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. இரும்பால் தன்னைத் தானே பழுது பார்க்க முடியாது. செல்லால் முடியும். குளூட்டாதயோன் என்ற பொருளும், கேட்டலேஸ், சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் போன்ற நொதிகளும் இந்த ரேடிக்கல்களை உடனுக்குடன் அணைத்துக்கொண்டே இருக்கின்றன.

உற்பத்தியும் அணைப்பும் சமமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. உற்பத்தி கூடி, அணைக்கும் திறன் பின்தங்கும் நிலைதான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம். ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் 1985-ல் இந்தக் கருத்துக்கு விளக்கம் கொடுத்தார்.

வில்லன் இல்லை, ஆயுதம்!

விளம்பரங்களைப் பார்த்தால் ஃப்ரீ ரேடிக்கல் என்றாலே எதிரி என்று தோன்றும். பாதி உண்மைதான்.

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் பெரும்பான்மை நியூட்ரோஃபில் வகை. நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைத் தயாரிக்கிறது. காயத்தில் கிருமி நுழைந்தால் முதலில் ஓடிவருபவை இவைதான். கிருமியை விழுங்கியதும், அந்த அணு சட்டென்று ஏராளமான ஆக்ஸிஜனை இழுத்து, சூப்பராக்ஸைடாக மாற்றி, கிருமி மாட்டியிருக்கும் பைக்குள் பீய்ச்சுகிறது. அங்கே அது ஹைட்ரஜன் பெராக்ஸைடாகி, பிறகு ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் மாறுகிறது. வீட்டில் தரை கழுவும் பிளீச்சிங் கரைசலில் இருக்கும் அதே குடும்பத்துப் பொருள் இது.

இந்த ஆயுதம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் பதில் இருக்கிறது. 'குரானிக் கிரானுலோமேட்டஸ் டிசீஸ்' என்ற அரிய பரம்பரை நோய் உள்ள குழந்தைகளுக்கு, சூப்பராக்ஸைடு தயாரிக்கும் நொதி வேலை செய்யாது. அமெரிக்கக் கணக்குப்படி சுமார் 2 லட்சம் பிறப்புகளில் ஒன்று. அந்தக் குழந்தைகளின் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கும், ஆனால் கொல்ல முடியாது. நிமோனியா, சீழ்க்கட்டி என்று மாறி மாறி வரும்.

இன்னொரு ஆச்சரியம்: இவர்களுக்கு அழற்சியும் அதிகமாகத்தான் இருக்கிறது. குடலிலும் நுரையீரலிலும் கட்டிகள் உருவாகின்றன. அப்படியென்றால், இந்த ஆக்ஸிஜன் பொருட்கள் சண்டையைத் தொடங்க மட்டுமல்ல, 'போதும், நிறுத்து' என்று சொல்லவும் தேவைப்படுகின்றன. அதனால்தான் 'ஃப்ரீ ரேடிக்கல் சுத்தமா இருக்கவே கூடாது' என்று யாராவது சொன்னால் அது அறிவியல் இல்லை.

ஆயுதம் வீட்டையே எப்போ தாக்கும்?

சாதாரணமாக ஒரு அழற்சிக்கு ஆரம்பமும் முடிவும் உண்டு. கையில் அடிபட்டால் சிவக்கும், வீங்கும், வலிக்கும். சில நாட்களில் அடங்கிவிடும். சண்டை போட்ட நியூட்ரோஃபில்கள் இறந்துபோகும், மேக்ரோஃபேஜ் என்ற பெரிய வெள்ளை அணுக்கள் வந்து குப்பையை அள்ளும், திசு ஆறும்.

தூண்டுதல் தினமும் வந்துகொண்டே இருந்தால் கதை மாறுகிறது. படிப்படியாக இப்படி நடக்கும்:

1. செல்லுக்குள் ஆக்ஸிஜன் பொருட்கள் கூடியதும் 'என்.எஃப். கப்பா-பி' என்ற சுவிட்ச் ஆன் ஆகிறது.
2. அது அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் எனும் தூதுப் பொருட்களைத் தயாரிக்கச் சொல்கிறது.
3. அந்தத் தூது கிடைத்து இன்னும் பல வெள்ளை அணுக்கள் அதே இடத்துக்கு வருகின்றன.
4. வந்தவையும் தங்கள் பங்குக்கு ஆக்ஸிஜன் பொருட்களைக் கக்குகின்றன. பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவும் சேர்ந்து அடிபடுகிறது.
5. அடிபட்ட திசு மீண்டும் அபாயச் செய்தி அனுப்புகிறது. சுற்று முதலிலிருந்து ஓடுகிறது.

செல்லுக்கு எதிர்ச் சுவிட்ச் ஒன்றும் உண்டு. 'என்.ஆர்.எஃப்.2' என்ற அந்தப் புரதம், அணைக்கும் நொதிகளைக் கூடுதலாகத் தயாரிக்க வைக்கும். உடற்பயிற்சி செய்யும்போது கொஞ்ச நேரம் ரேடிக்கல்கள் கூடுவதும், அதைச் சமாளிக்க உடல் தன் தற்காப்பைப் பலப்படுத்திக்கொள்வதும் இதன் வழியாகத்தான். ஆக, கொஞ்ச நேர அழுத்தம் பயிற்சி மாதிரி. எட்டு மணி நேரம், வாரம் ஆறு நாள், பத்து வருஷம் என்று தொடரும் அழுத்தம் அப்படி இல்லை.

மணல் துகள்: விழுங்கவும் முடியல, துப்பவும் முடியல

இந்தச் சுழலுக்கு மிகத் தெளிவான உதாரணம் சிலிகோசிஸ். ஃபவுண்ட்ரியில் மணல் அச்சை உடைக்கும்போது, மணல் பீய்ச்சி உலோகத்தைச் சுத்தம் செய்யும்போது, கல் அரைக்கும் கிரஷரில், கான்கிரீட்டையோ கிரானைட்டையோ கட்டரில் அறுக்கும்போது கிளம்பும் தூசியில் படிகச் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் காற்றுப் பைகள்வரை போகிறது.

அங்கே காவலுக்கு இருக்கும் மேக்ரோஃபேஜ், அதைக் கிருமி என்று நினைத்து விழுங்குகிறது. வழக்கம்போல ஆக்ஸிஜன் ஆயுதத்தைப் பாய்ச்சுகிறது. ஆனால் கல் சாகுமா? துகள் அப்படியே இருக்கும், அணுவின் உள்பை கிழியும். 2008-ல் வெளியான ஆய்வுகள் இந்த இடத்தை விளக்கின. சிலிக்கா, ஆஸ்பெஸ்டாஸ் துகள்களை விழுங்கிய அணுக்களில் 'என்.எல்.ஆர்.பி.3 இன்ஃப்ளமசோம்' என்ற அபாய மணி அடிக்கிறது. அதைத் தூண்டுவதில் ஆக்ஸிஜன் பொருட்களுக்கும், கிழிந்த பைக்கும் பங்கு இருக்கிறது. இதனால் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற கடுமையான அழற்சிப் பொருள் வெளியேறுகிறது.

மேக்ரோஃபேஜ் செத்துப்போகும். துகள் வெளியே விழும். அடுத்த மேக்ரோஃபேஜ் வந்து அதே துகளை விழுங்கும். இப்படியே போனால் அந்த இடத்தில் தழும்பு முடிச்சுகள் விழுகின்றன. வேலையை விட்ட பிறகும் துகள் உள்ளேயே இருப்பதால் நோய் வளரலாம். தழும்பை மாற்றிப் பழைய நுரையீரலாக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து, காவலர்கள் செத்துக்கொண்டிருக்கும் நுரையீரலில் காசநோய்க் கிருமி நுழைவது. காசநோயைக் கட்டுப்படுத்த வேண்டிய முதல் அணுவே மேக்ரோஃபேஜ்தான். அதனால்தான் சிலிகோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். 'சின்ன வயசுலேயே பிசிஜி ஊசி போட்டாச்சே' என்று விட்டுவிடவும் முடியாது. ஸ்ரீபெரும்புதூர் பகுதி அன்று அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் 1968-ல் உலகின் மிகப் பெரிய பிசிஜி பரிசோதனை தொடங்கியது. 15 ஆண்டுகள் கண்காணித்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரியவந்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுக்க உதவுவதால்தான் பிறந்ததும் பிசிஜி இன்றும் போடப்படுகிறது.

இந்தியாவில் இதன் விலை என்ன என்பதற்கு உச்ச நீதிமன்றப் பதிவே சாட்சி. மத்தியப் பிரதேசத்திலிருந்து குஜராத்தின் குவார்ட்ஸ் அரவை ஆலைகளுக்கு வேலைக்குப் போய் சிலிகோசிஸால் இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்க 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

வெல்டிங் புகையும் நிமோனியாவும்

பெரிய கார் ஆலைகளில் ரோபோக்கள் வெல்டிங் செய்கின்றன. ஆனால் அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சின்ன பட்டறைகளிலும், ஃபேப்ரிகேஷன் ஷெட்களிலும் இன்னும் மனிதர்கள்தான் குனிந்து பற்ற வைக்கிறார்கள். புகை நேராக முகத்துக்கு வருகிறது.

அந்தப் புகையில் இரும்பு, மாங்கனீஸ் நுண்துகள்கள் இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் குரோமியம், நிக்கலும் சேரும். இரும்பும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் சேர்ந்தால் ஹைட்ராக்ஸில் என்ற மிக மூர்க்கமான ரேடிக்கல் உருவாகும். 1894-ல் ஹென்றி ஃபென்டன் விவரித்த வேதிவினை அது. நுரையீரலில் பெராக்ஸைடு ஏற்கெனவே இருக்கிறது, இரும்பை நாம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அவ்வளவுதான் விஷயம்.

வெல்டர்களுக்கு நிமோனியா அதிகம் வருகிறது என்பது பல ஆண்டுகளாகவே கவனிக்கப்பட்டிருக்கிறது. உலோகப் புகையால் ஏற்படும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம், நிமோகாக்கஸ் கிருமி ஒட்டிக்கொள்ளும் 'கொக்கி'களைச் சுவாசக்குழாய் செல்களில் அதிகமாக்குகிறது என்று ஆய்வக ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. பிரிட்டனில் உலோகப் புகைக்கு அடிக்கடி ஆளாகும் தொழிலாளர்களுக்கு நிமோகாக்கல் தடுப்பூசி போடுவதைப் பரிசீலிக்கும்படி அரசு வழிகாட்டுதலே இருக்கிறது. நம் ஊரில் வெல்டர்களிடம் இதைப் பற்றிப் பேசுவார் யாருமில்லை.

ஜிஐ ஷீட் பற்ற வைத்த அன்று ராத்திரி குளிர்காய்ச்சல், உடம்புவலி, வாயில் உலோக ருசி வருவது பலருக்கு அனுபவம். துத்தநாகப் புகையால் வரும் 'மெட்டல் ஃப்யூம் ஃபீவர்' அது. ஒன்றிரண்டு நாளில் போய்விடும். தொடர்ந்து வேலை செய்தால் உடல் பழகிவிடும், வார விடுமுறை முடிந்து வந்தால் மறுபடியும் வரும் என்பதால் வெளிநாடுகளில் இதற்குத் 'திங்கள்கிழமை காய்ச்சல்' என்றே பெயர். ஆனால் 'பழகிப்போச்சு' என்பதற்கு நுரையீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பொருள் இல்லை. 2017-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வெல்டிங் புகையை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. லாரி, பஸ் விடும் டீசல் புகையை 2012-லேயே அதே பிரிவில் சேர்த்துவிட்டது.

சாலையும் இந்தக் கணக்கில் வரும். ஷிஃப்ட் முடிந்து கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போகும் நேரமும் நுரையீரலுக்கு ஓய்வு நேரம் இல்லை. பி.எம். 2.5 நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் 2021 பரிந்துரை. இந்தியத் தர அளவு 40. நம் வரம்புக்குள்ளேயே இருந்தாலும் அந்தப் பரிந்துரையைவிட எட்டு மடங்கு வரை போகலாம் என்பதுதான் இதன் அர்த்தம்.

நைட் ஷிஃப்ட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தூசியே இல்லாத, ஏசி போட்ட எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை என்றால் தப்பித்தோமா? முழுவதுமாக இல்லை.

நம் வெள்ளை அணுக்களுக்கும் கடிகாரம் உண்டு. எப்போது ரத்தத்தில் சுற்ற வேண்டும், எப்போது திசுவுக்குள் போக வேண்டும் என்பதை உடல் கடிகாரம் தீர்மானிக்கிறது. இந்தக் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு மூன்று அமெரிக்கர்களுக்குக் கிடைத்தது. இரவில் சுரக்கும் மெலடோனின், தூக்க ஹார்மோன் மட்டுமல்ல, ரேடிக்கல்களை அணைக்கும் வேலையிலும் அதற்குப் பங்கு உண்டு. இரவு முழுக்க வெளிச்சத்தில் இருந்தால் அது குறைகிறது. தொடர்ந்து தூக்கம் குறைந்தவர்களின் ரத்தத்தில் சி.ஆர்.பி., இன்டர்லூகின்-6 போன்ற அழற்சி அளவுகள் ஏறுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இரவுப் பணி புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க 'வாய்ப்பு அதிகம்' என்ற பிரிவில் 2007-ல் வைக்கப்பட்டு, 2019-ல் மறுபடியும் அது உறுதி செய்யப்பட்டது.

அடுத்தது சர்க்கரை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு உள்ளது. தேசிய சராசரி 11.4 சதவீதம். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் இரட்டை அடி. ஒருபக்கம் மைட்டோகாண்ட்ரியாவில் ரேடிக்கல் உற்பத்தி கூடுகிறது. மறுபக்கம், அணைக்கவும் கிருமியைக் கொல்லவும் தேவையான 'என்.ஏ.டி.பி.எச்.' என்ற மூலப்பொருள், உபரி சர்க்கரையை வேறு பாதையில் கரைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. அதாவது தேவையில்லாத இடத்தில் நெருப்பு, தேவையான இடத்தில் தோட்டா இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்குப் புண் ஆறாததும், காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுவதும் இதனால்தான் என்று ஒரே காரணமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இரவு இரண்டு மணிக்குப் பரோட்டா, டீ, ஒரு சிகரெட், நாலு மணி நேரத் தூக்கம், திரும்பவும் ஷிஃப்ட். தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயங்கள். உடம்புக்குள் எல்லாம் ஒரே கணக்கில்தான் ஏறுகின்றன.

சரி, ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டா போதுமா?

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். 'ரேடிக்கல்தான் பிரச்சினைன்னா, அதை அணைக்கிற மாத்திரையைப் போடலாமே' என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். பரிசோதித்தும் பார்த்தார்கள்.

பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பழக்கக்காரர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் நடந்த 'கேரட்' ஆய்வு இன்னும் நேரடியாக நம் விஷயத்துக்கு வருகிறது. அதில் புகைப்பவர்களோடு, ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்த தொழிலாளர்களும் இருந்தார்கள். பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-வும் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் அதிகமாக வந்ததால், 1996 ஜனவரியில் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

காரணம் முழுமையாகத் தெளிவாகவில்லை. ஏற்கெனவே கெட்டுப்போன செல்களை அழிக்க உடல் பயன்படுத்தும் ஆயுதத்தையும் மாத்திரை மழுங்கடித்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். காய்கறி, பழம், கீரை, பருப்பு சாப்பிடுவது வேறு. அதில் ஆபத்து இல்லை, நன்மைதான். ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிய அளவில் மாத்திரையாக விழுங்குவதுதான் சிக்கல்.

வெல்லமும் பாலும் தூசியை இறக்கிவிடும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் உண்டு. வெல்லம் பற்றி லக்னோவில் எலிகளில் ஆய்வு நடந்து, ஓரளவு பலன் தெரிந்ததாக 1994-ல் வெளியானது. ஆனால் அது எலிகளில் நடந்தது. ஒரு துண்டு வெல்லத்தைக் கையில் கொடுத்துவிட்டு எக்ஸாஸ்ட் விசிறியை மாட்டாமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது? எங்கே இடிக்கிறது?

வேலை நடக்கும் அறையில் தூசியோ புகையோ கிளம்பினால், அது தொழிலாளி சுவாசிக்கும் முன்பே, கிளம்பும் இடத்துக்கு அருகிலேயே உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-வது பிரிவே சொல்லிவிட்டது. சிலிகோசிஸ் போன்ற நோய்களை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை 89-வது பிரிவின்படி நிர்வாகத்துக்கும் உண்டு, நோயாளியைப் பார்க்கும் மருத்துவருக்கும் உண்டு. இந்தச் சட்டம் இப்போது புதிய பணிப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டுள்ளது. அதிலும் அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்ப் பட்டியல் தொடர்கிறது. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. வரம்பில் வருவார்கள். அந்தச் சட்டமும் சிலிகோசிஸைத் தொழில்நோயாக ஏற்கிறது.

பிறகு எங்கே சிக்கல்? காலத்தில்தான். சிலிகோசிஸ் வெளியே தெரிய பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். ஒப்பந்தத் தொழிலாளியோ ஆறு மாதம் ஒரு ஷெட், ஒரு வருஷம் இன்னொரு ஷெட் என்று மாறிக்கொண்டே இருப்பார். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர் என்றால், மூச்சு வாங்கத் தொடங்கும்போது சொந்த ஊரில் இருப்பார். அங்கே மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் என்று எழுதிவிட்டால், தொழில்நோய் என்பது பதிவாகாது. இழப்பீடும் கிடைக்காது.

40 வயதுக்கு மேல் பரிசோதனை என்ற ஏற்பாட்டின் ஓட்டையும் இதுதான். தூசி வேலையில் சேரும் நாளன்றே ஒரு எக்ஸ்ரேயும், மூச்சுத் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியும் எடுத்து வைத்தால்தான், பின்னால் எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட முடியும். எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே கண்டுபிடிக்க, அகமதாபாத்தில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் 'சி.சி.16' என்ற ரத்தப் புரதத்தை அளக்கும் பரிசோதனையை உருவாக்கியுள்ளது. தூசியால் நுரையீரல் செல்கள் அடிபட்டால் இந்தப் புரதம் குறையும்.

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2024 தொடக்கத்தில் தொழிற்சாலைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் அந்த முகாம்களிலேயே மூச்சுப் பரிசோதனையையும் சேர்த்தால் பெரிய செலவு ஆகப்போவதில்லை.

வேலை நேரமும் இதோடு சேர்ந்த கேள்வி. 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பிறகு மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. தூசி வரம்புகள் பெரும்பாலும் எட்டு மணி நேர வேலையைக் கணக்கில் வைத்தே நிர்ணயிக்கப்படுகின்றன. நேரம் கூடினால் உள்ளே போகும் தூசியும் கூடும், துகளை வெளியேற்ற நுரையீரலுக்குக் கிடைக்கும் நேரமும் குறையும்.

தொழிலாளர்கள் என்ன செய்யலாம்?

- மாஸ்க்: கைக்குட்டையும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் நுண்தூசியைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டி உட்காரும் என்-95 அல்லது அதற்கு மேலான மாஸ்க் தேவை. தாடி இருந்தால் ஓரத்தில் கசியும்.
- தண்ணீர்: கல், கான்கிரீட் அறுக்கும்போது ஈரமாக அறுத்தால் தூசி கிளம்புவது வெகுவாகக் குறையும். காய்ந்த தூசியைப் பெருக்க வேண்டாம், துடைக்கலாம்.
- ஏர் ஹோஸ்: ஷிஃப்ட் முடிந்ததும் காற்றைப் பீய்ச்சி உடையைச் சுத்தம் செய்வது தூசியை நேராக மூக்குக்கு அனுப்பும் வேலை. உடையை மாற்றிவிட்டுப் போவது நல்லது.
- வெல்டிங்: புகை மேலே எழும் பாதையில் முகத்தை வைக்காதீர்கள். ஜிஐ என்றால் பற்ற வைக்கும் இடத்தில் பூச்சை நீக்குங்கள். மூடிய இடத்தில் உறிஞ்சு குழாய் இல்லாமல் வேலை வேண்டாம்.
- இருமல்: இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். அரசு மையங்களில் இலவசம். காசநோய் உறுதியானால் சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.
- மருத்துவரிடம்: 'என்ன வேலை, எத்தனை வருஷம், எந்தத் தூசி' என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.
- புகை: சிகரெட், பீடியை விடுவது, தூசி வேலையில் இருப்பவருக்கு மற்றவர்களைவிட அதிகப் பலன் தரும்.
- தூக்கம்: நைட் ஷிஃப்ட் முடிந்ததும் இருட்டான அறையில் ஒரே மூச்சில் தூங்கப் பாருங்கள். நடு இரவில் எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பதில் இட்லி, சுண்டல், முட்டை மாதிரி சாப்பிடலாம்.
- காகிதம்: புதிய சட்டப்படி நியமனக் கடிதம் எல்லாத் தொழிலாளர்களுக்கும் கட்டாயம். அதையும், சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து, எங்கே வேலை பார்த்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

நிர்வாகம் நடவடிக்கை எடுக்காவிட்டால், தமிழ்நாடு அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் அளிக்கலாம்.

ஏன் இது முக்கியம்?

சிப்காட் பகுதிகளில் தொழிலாளர்களுக்கான வசதிகள் பேசப்படத் தொடங்கியிருக்கின்றன. 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. தங்கும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டோம். சுவாசிக்கும் காற்று எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி அதற்கு அடுத்தது.

வெள்ளை அணுக்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்கின்றன. கொல்ல முடியாத கல்லையும் உலோகத்தையும் தினமும் அவற்றின் முன் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் தவறு. அதை மாத்திரையால் திருத்த முடியாது. ஒரு உறிஞ்சு குழாய், ஒரு வாளித் தண்ணீர், சேர்ந்த முதல் நாளே எடுத்த ஒரு எக்ஸ்ரே ஆகியவற்றால் பெருமளவு திருத்த முடியும்.